தும்பைச் சாற்றை மூக்கில் விடலாமா, பாம்புக்கடிக்குக் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் மழைக்கு அப்புறம் தும்பை மண்டிக் கிடக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு வாரமாகச் சளி. தும்பைப்பூச் சாற்றை இரண்டு சொட்டு மூக்கில் விட்டால் சரியாகிவிடும் என்று உங்கள் அத்தை சொல்கிறார். கணவரோ செல்லில் வந்த வீடியோவைக் காட்டி, பாம்புக்கடிக்கே இதுதான் மருந்தாம், சளி எம்மாத்திரம் என்கிறார். எதை நம்புவது?

குழந்தையின் மூக்கில் விடாதீர்கள். பாம்புக்கடிக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு இந்த இரண்டு வரி போதும், மீதியை நேரம் இருக்கும்போது படியுங்கள். ஏனென்றால் தும்பை கெட்ட செடி கிடையாது, எனக்கு ரொம்பப் பிடித்த செடி. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு முதல் நாள் கையில் கொடுப்பது இதைத்தான். அதற்கு முன்னால் என் கையில் இதைக் கொடுத்தவர் சிவகங்கைப் பக்கம் இருந்த என் அப்பத்தா. அவர் தும்பையைப் பயன்படுத்திய விதத்துக்கும் இன்றைக்கு வீடியோக்களில் சொல்கிற விதத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர் இதைச் சின்னச் சின்னத் தொந்தரவுகளுக்கு மட்டும்தான் தொடுவார், தலைபாரம், நீர்க்கோவை, சொறி, வாய்க்கசப்பு இப்படி. புற்றுநோய் வரைக்கும் ஏற்றிவிட்டது பிற்பாடு வந்தவர்களின் வேலை.

முதலில் உங்கள் மனையில் இருப்பது தும்பைதானா என்று பாருங்கள், பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். முழங்கால் உயரத்தைப் பெரும்பாலும் தாண்டாது. தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருளாது, நாலு பட்டையாகத் தட்டும், துளசித் தண்டு மாதிரியே. குடும்பமும் துளசிக் குடும்பம்தான். இலை குறுகலாக, நீளமாக, எதிரெதிராக இரண்டிரண்டு நிற்கும், தொட்டால் சொரசொரப்பு. இதன் அறிவியல் பெயரான லூக்கஸ் ஆஸ்பெராவில் முதல் பாதி கிரேக்கத்தில் வெள்ளையைக் குறிப்பது, பின்பாதி லத்தீனில் சொரசொரப்பைக் குறிப்பது. பெயர் வைத்தவர் செடியைத் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். கசக்கினால் ஒரு பச்சை வாடை வரும், துளசி மாதிரி கமகமவென்று இருக்காது.

பூவுக்கு வாருங்கள். கணுவுக்குக் கணு பச்சை முள்முடிச்சு மாதிரி ஒரு உருண்டை இருக்கும், அதிலிருந்து வெள்ளைப் பூக்கள் சுற்றிலும் எட்டிப் பார்க்கும். ஒரு பூவை மட்டும் நகத்தால் பிடித்து மெதுவாக இழுத்தால் பச்சைக் கிண்ணம் செடியிலேயே நின்றுவிடும், வெள்ளைக் குழல் மட்டும் கையோடு வந்துவிடும். அந்தக் குழலின் அடி நுனியை நாக்கில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், ஊசிமுனை அளவு தேன். கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் அதே பூவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள், கீழ் உதடு பெரிதாக, தேனீ வந்து உட்காரத் திண்ணை போட்டது மாதிரி விரிந்திருக்கும். மேல் உதடு சின்னதாக, பஞ்சு ஒட்டியது மாதிரி மயிரோடு குடை பிடித்து நிற்கும், மகரந்தப்பை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. தேனீ தேனுக்காகத் தலையை நுழைக்கும்போது மகரந்தம் அதன் தலையில் பூசிக்கொள்ளும், அடுத்த பூவுக்குப் போய் அதே தலையை நுழைக்கும்போது அங்கே கொஞ்சம் இறங்கும்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காசித்தும்பை என்பது வீட்டுத் தோட்டத்தில் வைக்கிற, காய் தொட்டவுடன் வெடிக்கிற செடி, அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. பெருந்தும்பை என்று சிலர் சொல்வது பேய்மிரட்டியை, அது துளசிக் குடும்பமேயானாலும் வேறு செடி, தடித்த வெல்வெட் இலையும் ஊதாப் பூவுமாக இருக்கும். நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது கவிழ்தும்பையிடம். கழுதைத்தும்பை என்றும் சொல்வார்கள். அதன் பூ வெளிர் நீலத்தில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு தொங்கும், தண்டு உருண்டையாக இருக்கும். அந்தக் குடும்பமே வேறு, அதில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் கொண்ட செடிகள் பல உண்டு. சித்த மருத்துவர்கள் அதையும் கையாளுவார்கள், அது அவர்கள் பாடு. வீட்டில் நாமாக அரைத்துக் குடிக்கிற செடி அது அல்ல. பெயரில் தும்பை இருக்கிறது என்று பறித்து வந்துவிடாதீர்கள்.

சும்மா சொல்லக்கூடாது, இந்தச் சின்னப் பூவுக்குக் கிடைத்த மரியாதை வேறு எந்தக் களைக்கும் கிடைத்ததில்லை. சங்க காலத்தில் இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதும் பெரும்போருக்குத் தும்பை என்றே பெயர், வீரர்கள் இதைச் சூடிக்கொண்டு போனார்கள். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் தும்பையும் துளசியும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஒரே குடும்பம் என்று தெரிந்து வைத்தார்களோ என்னவோ. மலையாளத்தில் தும்ப, கன்னடத்தில் தும்பெ, தெலுங்கில் தும்மி. கேரளத்தில் ஓணத்துக்குத் தும்பைப்பூ வேண்டும், தெலங்கானாவில் விநாயகர் சதுர்த்தி அன்றைக்குத் தும்மிக் கீரை சமைப்பார்கள், அசாமில் இதைச் சாதாரணக் கீரையாகவே சாப்பிடுகிறார்கள். திருவனந்தபுரம் பக்கம் தும்பா என்று ஒரு கடலோர ஊர், அந்தப் பெயரே இந்தச் செடியால் வந்தது என்பார்கள், 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அங்கிருந்துதான். நம் ஊரில் என்ன செய்கிறோம்? இட்லி தும்பைப்பூ மாதிரி இருக்கிறது என்கிறோம், வேட்டி தும்பைப்பூ மாதிரி வெளுத்திருக்கிறது என்கிறோம், செடி எதிரில் நின்றால் தெரியவில்லை.

சரி, மூக்குக்கு வருவோம். நீர்க்கோவை, மூக்கடைப்பு, ஒற்றைத் தலைவலி இதற்கெல்லாம் தும்பைப்பூச் சாற்றை மூக்கில் விடும் பழக்கம் நெடுநாளாக உண்டு, உங்கள் அத்தை இல்லாததைச் சொல்லவில்லை. விட்டவுடன் சுரீரென்று எரியும், கண்ணில் நீர் வரும், தும்மல் வரும், மூக்கு ஒழுகும், கொஞ்ச நேரத்தில் தலை லேசானது போல் இருக்கும். மிளகாய் நெடி ஏறினாலும் இதேதான் நடக்கும். உள்சவ்வு எரிச்சலுக்கு நீரைக் கொட்டுகிறது, அடைப்பு தற்காலிகமாக இளகுகிறது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை மூக்கில் எரிந்தால் என்ன செய்யும்? வாயைத் திறந்து வீறிட்டு அழும், அழுதுகொண்டே மூச்சை இழுக்கும், விட்ட சாறு உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். அதுவும் அந்தச் சாறு எங்கே பிழிந்தது? காலி மனையில் நாய், ஆடு எல்லாம் நடமாடும் மண்ணில் நின்ற செடியை உள்ளங்கையில் கசக்கி, துணியில் பிழிந்தது. கொதிக்கவில்லை, எந்தக் கிருமியும் சாகவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் எனக்கு விட்டிருக்கிறார், இரண்டு நாள் காதுவலியோடு கிடந்ததும் அப்பத்தா அவரைத் திட்டிய திட்டும் இன்னும் நினைவிருக்கிறது. "பூவ மோந்து பாக்கச் சொன்னா மூக்குக்குள்ள திணிப்பியா?" என்பதுதான் அதில் எழுதக்கூடிய பகுதி.

குழந்தைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும், தூங்க வைக்கும் முன்னும் சாப்பாட்டுக்கு முன்னும் விடுங்கள். தாய்ப்பால், கஞ்சி, வெந்நீர் என்று நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் யாருக்கானாலும் போக வேண்டும். தும்பை பூக்கும் மழைக்காலமும் டெங்கு பரவும் காலமும் ஒன்றேதான், கஷாயம் கொடுத்துப் பார்ப்போம் என்று நான்காம் நாள், ஐந்தாம் நாள் வரைக்கும் இழுப்பது ஆபத்து.

பெரியவர்களுக்குச் சளி என்றால் ஆவி பிடிக்கலாம். தும்பையைப் பூவும் இலையுமாக ஒரு கை, நொச்சி இருந்தால் ஒரு கை, கொஞ்சம் மஞ்சள்தூள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, போர்வையைப் போர்த்துக்கொண்டு குனிந்தால் போதும். உள்ளபடியே சொன்னால் இதில் பாதிக்கு மேல் வேலை செய்வது வெந்நீர் ஆவிதான், மீதியில் பெரும்பங்கு நொச்சிக்கு, தும்பைக்குக் கடைசி இடம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மட்டும் ஆவி பிடிக்காதீர்கள், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளின் கதை மழைக்காலத்தில் எல்லா ஊரிலும் கேட்கலாம்.

தும்பையில் எனக்கு நம்பிக்கை உள்ள ஒரு பக்குவம் தலைக்கு வைக்கும் எண்ணெய்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பூவை விடியற்காலையில் பறிக்க வேண்டும், வெயில் ஏறினால் எறும்பு சேர்ந்துவிடும், பூவும் துவண்டுவிடும். ஒரு டம்ளர் பூ சேர அரை மணி நேரம் ஆகும், விரல் நகம் பச்சையாகிவிடும், இடுப்பு கேட்கவே வேண்டாம். அப்பத்தா பேரப்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு சிரட்டை கொடுத்துவிடுவார், நாங்கள் தேனை உறிஞ்சிவிட்டுப் போட்ட பூவும் அதில் கலந்திருக்கும். பூவைத் தண்ணீரில் அலசி ஒரு துணியில் ஈரம் போக உலர்த்திவிட்டு, கால் லிட்டர் நல்லெண்ணெயை இரும்புச் சட்டியில் ஊற்றிச் சின்னத் தீயில் வைத்து, எண்ணெய் சூடானதும் பூவைப் போடுவார், கூடவே தட்டிய மிளகு நாலைந்து. போட்டவுடன் சடசடவென்று சத்தம் வரும், நுரைத்துக்கொண்டு மேலே ஏறும். அந்தச் சத்தம்தான் கணக்கு. பூவில் இருக்கும் தண்ணீர் போகப் போகச் சத்தம் அடங்கும், பூ வெள்ளையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வரும், கரண்டியால் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தால் முதலில் மெழுகு மாதிரி ஒட்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். மெழுகு பதம், மணல் பதம் என்று சொல்வது இதைத்தான். தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு மணல் பதம் வருமுன் இறக்கிவிடுவார். ஆறவைத்து வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றினால் இரண்டு மூன்று மாதம் வரும், தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தால்கூட ஒரே வாரத்தில் சிக்குவாடை அடித்துவிடும்.

சனிக்கிழமை காலையில் இதை உச்சியிலும் நெற்றிப்பொட்டிலும் தேய்த்து ஊறவைத்துச் சீயக்காய் போட்டுக் குளித்தால் தலைபாரம் குறைந்தாற்போல் இருக்கும். குளித்த அன்றைக்குப் பகலில் தூங்கக்கூடாது, தயிர், மோர் கூடாது என்பார்கள். இதில் எவ்வளவு பூவால், எவ்வளவு எண்ணெயால், எவ்வளவு அந்தத் தேய்த்துவிடும் கையால் என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை, ஏனென்றால் கெடுதல் எதுவும் இல்லை. காய்ச்சல், கடும் சளி இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம். இந்த எண்ணெயையும் மூக்கில் விட வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் தானாக வெளியேறாது, நிமோனியா மாதிரி உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

சாப்பாட்டில் சேர்ப்பது அடுத்தது. மழை விட்டு இளந்தளிர் வரும்போது நுனிக் கொழுந்தாகக் கிள்ளி, இரண்டு மூன்று தடவை அலசி, நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, வரமிளகாய், புளி, உப்பு, பூண்டு வைத்து அரைத்தால் துவையல். கசக்கும், புளியைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் அடங்கும். ரசம் கொதித்து இறக்கும்போது ஒரு பிடி பூவைப் போடுவதும் உண்டு. வாய்க்கசப்பு, பசியின்மை, மழைக்கால மந்தம் இதற்கெல்லாம் இப்படி வாரத்துக்கு ஒரு நாள் கீரையாகச் சாப்பிடுவதில் தவறே இல்லை. பத்துப் பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சி இருமலுக்குக் கொடுப்பதும் பழையதுதான், பெரியவர்கள் குடிக்கலாம். சாற்றைத் தேனில் குழைத்துக் குழந்தைக்கு நாக்கில் தடவுவது சில வீடுகளில் வழக்கம், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேனே ஆகாது என்பதை அந்த வீடுகளில் யாராவது சொல்ல வேண்டும்.

அதே சமயம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தும்பை ஜூஸ் என்று நாற்பத்தெட்டு நாள் குடிக்கச் சொல்கிறார்களே, அது கீரை அல்ல. எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் குடித்ததில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தப் பச்சிலைச் சாற்றையும் மண்டலக் கணக்கில் குடிக்கும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் மருந்து அளவில் தொடவே வேண்டாம். தள்ளிப்போன மாதவிடாயை வரவைக்கத் தும்பையையும் வேலிப்பருத்தியையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு, அது பலிக்கிறதோ இல்லையோ, எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்த்தாலே யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று தெரிந்துவிடுகிறது.

தோலுக்கு இலையை அரைத்துப் பூசுவது பரவலாக உண்டு. கொசுக்கடி, எறும்புக்கடி, பூச்சி ஊர்ந்த தடிப்புக்கு நானே கசக்கித் தேய்த்திருக்கிறேன், அரிப்பு அடங்கும். சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசிக் குளிக்கச் சொல்வார்கள். இதில் ஒரு சிக்கல். இரவில் அதிகமாகும் அரிப்பு, விரலிடுக்கிலும் இடுப்பிலும் சின்னச் சின்னக் கொப்புளம், வீட்டில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் வருகிறது என்றால் அது தோலுக்குள் குடியேறிய சிரங்குப் பூச்சி. இலை அதன் அரிப்பைத் தணிக்கும், பூச்சியை ஒழித்துக்கட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு மருத்துவர் தரும் களிம்பை வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, துணிமணி, படுக்கையை வெந்நீரில் துவைக்க வேண்டும். காய்ந்த தும்பைச் செடியை வேப்பிலையோடு சேர்த்து மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போடுவார்கள், கொசு ஓடும், மாடும் இருமும். வீட்டுக்குள் குழந்தை இருக்கும் அறையில் அந்தப் புகை வேண்டாம்.

கண்ணைப் பற்றி ஒரே வரி. மஞ்சள் காமாலைக்குத் தும்பைச் சாற்றைக் கண்ணில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கண் சிவந்து நீர் வடிவதைப் பார்த்து மஞ்சள் இறங்குகிறது என்று நம்புகிறார்கள். மஞ்சள் இருப்பது ரத்தத்தில், கண்ணைக் கழுவினால் அது இறங்காது, கருவிழியில் புண் வேண்டுமானால் வரும்.

இப்போது பாம்பு. உங்கள் கணவர் பார்த்த வீடியோவை நானும் பார்த்தேன், அதே மாதிரி இன்னும் ஏழெட்டு சுற்றுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே கதை, பாம்பு கடித்தவருக்குத் தும்பைச் சாறு கொடுத்தார்கள், பேதியாகி விஷம் இறங்கியது, பிழைத்துக்கொண்டார். பிழைத்தது பொய் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் மனிதர்களைக் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை, சாரை, தண்ணீர்ப் பாம்பு, ஓலைப்பாம்பு இப்படி. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் பல் பதியும், விஷம் இறங்காது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் தும்பைச் சாறு கொடுத்தாலும் பிழைப்பார்கள், தேங்காய்த் தண்ணீர் கொடுத்தாலும் பிழைப்பார்கள், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் பிழைப்பார்கள். அந்தப் பிழைத்த கணக்கு முழுக்கத் தும்பையின் பேரில் எழுதப்படுகிறது. செத்தவர்கள் வந்து வீடியோ போடுவதில்லை.

விஷம் இறங்கியிருந்தால் கதை வேறு. கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, கடித்த தடம் கூடத் தெரியாது. பச்சிலை கொடுத்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறார் என்று படுக்க வைப்பார்கள். விடிவதற்குள் இமை கனக்கும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது, பிறகு மூச்சை இழுக்கும் தசையே நின்றுபோகும். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும், சிறுநீரகம் கெடும். மருத்துவமனையில் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவு எளிய சோதனை. உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து உடனே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதியைப் பாம்புகளிடமிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு யாரும் இல்லை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்தும் நம் இருளர்கள். பச்சிலை வைத்தியத்தில் கரைகண்டவர்கள் அவர்கள். அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்தில் தயாராகும் மருந்து அரசு மருத்துவமனையில் இருக்க, நாம் காலி மனையில் தும்பையைத் தேடிக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது?

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதில் வரும் தும்பு மாட்டின் கழுத்துக் கயிறு, செடி இல்லை. பலர் செடி என்றே நினைக்கிறார்கள். பாம்புக்கடியில் மட்டும் தும்பைச் செடியைப் பிடிப்பதுதான் வாலைப் பிடிப்பது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான இறப்புகளை வைத்துப் போட்ட கணக்கு. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், தனியார் மருத்துவமனையானாலும் தெரிவிக்க வேண்டும். கடித்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கையோ காலோ அசையாமல் ஒரு குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, 108க்கு அழைப்பது. கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக்கூடாது, வாயில் எதையும் ஊற்றக்கூடாது. விழுங்கும் தசை தளர்ந்த ஒருவருக்கு ஊற்றும் தும்பைச் சாறு நுரையீரலுக்குத்தான் போகும். வேப்பிலை கசக்கிறதா, இனிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் பாதி தூரம் வந்திருக்கும்.

ஆராய்ச்சி ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. தும்பையில் உர்சோலிக் அமிலம், ஒலியனோலிக் அமிலம் போன்றவை இருப்பதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், உர்சோலிக் அமிலம் துளசியிலும் உண்டு. சாற்றை எலிக்குக் கொடுத்து வீக்கம், வலி குறைவதையும், தட்டில் வளர்த்த பாக்டீரியா அடங்குவதையும், கொசுப்புழு சாவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் பெரும்பாலானவை ஆல்கஹாலிலோ வேறு கரைப்பானிலோ ஊறவைத்து அடர்த்தியாக்கிய சாறு. நாம் அம்மியில் அரைக்கும் துவையல் அல்ல. பழைய பயன்பாடு வெறும் கற்பனை இல்லை என்று காட்ட அது உதவும், அதைக் காட்டி ஒரு நோயைக் குணமாக்குகிறேன் என்று ஒருவர் பாட்டிலில் அடைத்து விற்றால் வாங்காதீர்கள்.

கடைசியாக உங்கள் மனைக்கு. அந்த இடத்தில் யாராவது களைக்கொல்லி அடித்தார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அடித்திருந்தால் இந்தப் பருவம் முழுக்கத் தொட வேண்டாம். சாக்கடை ஓரம், சாலையோரம் நிற்பதையும் விட்டுவிடுங்கள். அத்தைக்கும் மனசு கோணக்கூடாது என்றால், மூக்குக்கு வேண்டாம் அத்தை, எண்ணெய் காய்ச்சிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதம் பார்ப்பது அவர் கைக்குத்தான் வரும். எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கிவிடாமல் ஓரத்தில் பத்தை விட்டுவைத்தால் மாசி, பங்குனியில் காய்ந்து பழுப்பாகி நிற்கும். அப்போது அந்த முள்முடிச்சை உள்ளங்கையில் தேய்த்தால் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளிருந்தும் நாலு பழுப்பு விதை உதிரும், தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தால் அடுத்த ஐப்பசி மழைக்குத் தூவிக்கொள்ளலாம்.